எதிர் ஜன்னல் பெலாகியா

ஊச், போலந்து
1997 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிங்காவுக்கு,

மூன்றாம் நெசவுக்கூடத்தின் முன்னாள் தலைமை மெக்கானிக்கும், இந்நாளில் ஒரு கெட்டிலுக்கும் ஒரு நாற்காலிக்கும் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் மாமன் வாலென்டி எழுதுவது. உடம்பு இரும்பு. மூட்டுகளில் மட்டும் கொஞ்சம் துரு. சிகாகோவில் நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் உன் புகாருக்கு வருகிறேன். போனில் நீ ஒன்று கேட்க, நான் "ஆமாமா, இங்கயும் மழைதான்" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறேனாம். வேறென்ன செய்வேன்? ஆயிரம் தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடிய இடத்தில் காலமெல்லாம் நின்றவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டு, இடிக்க வந்த மேகம் வெட்கப்பட்டு வார்சாவுக்குப் போய்விடும். என் காது அங்கேயே ராஜினாமா கொடுத்துவிட்டது. ஆனால் எதிரே ஒரு வாய் அசைந்தால் போதும், மைல் தூரத்திலிருந்தும் படித்துவிடுவேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினோம். குரலை யாரும் வீணாக்கவில்லை.

அதில் ஒரு தொல்லை. பேசுவது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருமுறை எங்கள் கூடத்து நெசவுக்காரி பெலாகியாவைப் பார்த்து "இந்தத் தலைத்துணி உனக்கு எடுப்பா இருக்கு" என்று வாயசைத்தேன். ஷிப்ட் முடிவதற்குள் எழுநூறு பெண்கள் "யோவ் மெக்கானிக்கு, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று கேட்டுவிட்டார்கள். பெலாகியா அப்போதே இளம் விதவை. அவள் முகம் பீட்ரூட் சூப் ஆகிவிட்டது. அதனால்தான் அங்கே ஒரு பழக்கம் உண்டு. மனசுக்குள்ளிருந்து ஏதாவது வருகிறதென்றால் கை தானாக எழுந்து வாயை மூடும். சோற்றுக்கு வாய் திறப்பது மாதிரி, யோசிக்காமல் நடக்கும்.

ஆலையின் கதை உனக்குத் தெரிந்ததுதான். நாங்கள் நெய்த துணியை விரித்தால் நிலாவுக்குப் போர்வை போர்த்தி, மிச்சத்தில் சூரியனுக்கு ஒரு கோட்டும் தைக்கலாம். அதையெல்லாம் வாங்கிய கிழக்கத்திய வாடிக்கையாளர் ஒரு நாள் காணாமல் போனார். ஆளில்லை, கிங்கா, நாடே காணாமல் போனது! பிறகு தறிகளை உடைத்துப் பழைய இரும்பாக ஏற்றினார்கள். கடைசி லாரி போன அன்று கூடத்துக்குள் போய் நின்றேன். ஒரு புறா நடக்கும் சத்தம் எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. பயந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆலைக்காரர்கள் குடியிருந்த எங்கள் முற்றத்திலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருண்டன. பழைய ஆட்களின் ஜன்னல்களில் கடைசியில் மிஞ்சியது இரண்டு. மூன்றாம் மாடியில் நான், முற்றத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே மூன்றாம் மாடியில் பெலாகியா. கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்தபடியே தினமும் பேசுவோம். "இன்னிக்கும் அதே சட்டையா? அது தானா எழுந்து நடக்கப் போவுது பாரு" என்பாள். "நடந்தா உங்க வீட்டுக்குத்தான் வரும்" என்பேன். புதிய குடித்தனக்காரப் பையன் ஒருவன் எங்களைப் பார்த்து, இரண்டு கிழங்களுக்கும் புத்தி கலங்கிவிட்டதென்று வாட்ச்மேனிடம் சொன்னானாம்.

இப்போது இந்தக் கட்டடத்தையும் யாரோ வாங்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும். எனக்கு ஊர்க்கோடியில் எட்டாம் மாடி. பெலாகியாவைக் கடலோரம் கிடினியாவுக்கு அவள் மகன் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவள் அதைச் சொன்ன அன்றே நான் முடிவெடுத்தேன். என்னோடு வந்து இரு என்று கேட்டுவிடுவது. சவரம் செய்து, டை கட்டி, ஒரு தூதரைப் போல ஜன்னலில் நின்று, நீளமாக ஒரு பேருரை நிகழ்த்தினேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, பேருரை முழுவதும் என் உள்ளங்கைக்குள்ளேயே நடந்திருக்கிறது. பாழாய்ப்போன கை எப்போது எழுந்ததோ! "என்னய்யா, பல்வலியா?" என்று கேட்டாள். எனக்கு வாய் குழறிவிட்டது. வெங்காயம் இருக்கா என்று கேட்டேன் என்றேன். மூச்சிரைக்க இறங்கி, ஏறி, ஒரு பை வெங்காயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் தினமும் நாளை, நாளை என்று தள்ளினேன். வியாழக்கிழமை, கை எழவே வழியில்லாதபடி இரண்டு கையிலும் இரண்டு பூந்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இந்த முறை ஒரு சொல் தவறாமல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இதைச் சொல்ல ஆலை மூடணுமா, வீடு காலியாகணுமா? நீ ரிப்பேர் பண்ண தறியெல்லாம் எப்படித்தான் ஓடுச்சோ" என்றாள். அப்புறம், "போன மாசம் கேட்டிருந்தா பையன்கிட்ட வேற பேசியிருப்பேன். அவன் எனக்குன்னு ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கான், வாலென்டி. மஞ்சள் பெயிண்ட்" என்றாள். மஞ்சள் நல்ல நிறம்தான் என்று சொன்னேன். தொட்டிகள் கனமாக இருந்தன. இறக்கி வைத்தேன்.

நேற்று வண்டி வந்தது. அவளைப் பின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். "குல்லா போடு. உப்பைக் குறை. அந்தச் சட்டையை எரிச்சிடு." தெருமுனை வரை எல்லாவற்றையும் படித்தேன். வண்டி திரும்பும்போதும் அவள் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. அதற்குமேல் தெரியவில்லை.

புது வீட்டைப் போய்ப் பார்த்து வந்தேன். அரண்மனை! வெந்நீர் அருவியாகக் கொட்டுகிறது, லிப்ட் சொர்க்கம் வரை போகிறது. ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் இருக்கிறது. நல்ல உறுதியான சுவர்.

கண்ணே, இனி போன் செய்து காசைக் கரைக்காதே. கோடையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா. போலிஷ் அவனுக்கு வராது என்கிறாய், பரவாயில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பாஷையிலாவது வாயை அசைக்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் எல்லோரையும் கடவுள் வெளிச்சத்தில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
வாலென்டி