இந்த வருடத்து மரம்

தென்காசி
3 டிசம்பர் 2024

அன்பு ஷெர்லின்,

ஸ்தோத்திரம். அப்பா எல்லாக் கடிதத்தையும் இந்தச் சொல்லோடுதான் தொடங்குவார். எனக்கு வேறு தொடக்கம் தெரியவில்லை.

போனில் நான் 'ம்' மட்டும் சொல்கிறேன், இனி எழுதினால் போதும் என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து வாரம் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது? இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஒரு செய்தி. இந்த வருடம் நிஜ மரம் வாங்கிவிட்டேன். பரண்மேல் கிடக்கும் பிளாஸ்டிக் மரத்தை 'பாட்டில் கழுவுகிற பிரஷ்' என்பாயே. கல்யாணமான முதல் டிசம்பரிலேயே உயிருள்ள மரம் கேட்டாய். நான்கு வருடம் தள்ளிப்போட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து இலஞ்சி ரோட்டு நர்சரிக்குப் போனேன். நடத்துவது செண்பகவல்லி அக்கா. நெற்றி நிறையத் திருநீறு; டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் மரம்தான் வியாபாரம். நான் இருப்பதிலேயே உயரமானதன் பக்கம் போனேன்.

"சார், ஒசரத்தப் பாக்காதீங்க. குனிஞ்சு அடியப் பாருங்க. அடிக்கிளை பச்சையா இருக்கா? அது காஞ்சா காஞ்சதுதான். மறுபடி துளிர்க்க இது என்ன முருங்கையா?"

குனிந்து பார்த்தேன். பழுப்பு. அடுத்ததற்கு நுனி இல்லை.

"அத விடுங்க. லாரில வரும்போது ஒடிஞ்சிட்டு. இனி நேரா போகாது."

"அப்ப ஏன் வச்சிருக்கீங்க?"

"உயிரோட இருக்குல்லா சார். தூரப் போடவா முடியும்?"

மூன்றாவதை எடுத்தேன். என் இடுப்பு உயரம். ஐந்து அடுக்கு, எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேண்ட் முழுக்கச் செம்மண்.

நிழல்வலைக்கு அடியில் வளர்ந்ததால் ஒரேயடியாக வெயிலில் வைக்கக்கூடாதாம். காலை வெயில் போதும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் பக்கமே சாயும். கனமான மணிகளைத் தொங்கவிடக் கூடாது. வளைந்த கிளை பழையபடி நிமிராது. விளக்குச் சரம் சூடாகாததாக இருக்க வேண்டும். ஃபேனுக்கு நேர்கீழே ஆகாது. ஹாலில் ஜன்னலோரம் இடம் ஒதுக்கிவிட்டேன். அப்பாவின் சாய்வு நாற்காலி உள்ளறைக்குப் போய்விட்டது.

உச்சியில் என்ன வைப்பது என்று நீ வந்து சொல்ல வேண்டும். அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்
பென்னி

———

குற்றாலம்
7 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தான்,

கடிதம் நேற்று வந்தது. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர், மூன்று நாள். தபால்காரரை நான் குறை சொல்லவில்லை.

உடம்பு பரவாயில்லை. பால் நின்றுவிட்டது. நவம்பர் முதல் வாரம். நீங்கள் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இங்கே ஐயப்பன் சீசன். அம்மா மாடி அறை மூன்றையும் சாமிமார்களுக்கு விட்டிருக்கிறாள். விடியுமுன்பே சரண கோஷம். அருவியில் குளித்துவந்து வேட்டிகளைக் கைப்பிடிச் சுவரில் காயப்போடுகிறார்கள். கறுப்பு, நீலம், கறுப்பு. நேற்று அவர்களுடைய குருசாமி அம்மாவிடம் கேட்டார், "கீழ படுத்திருக்க பிள்ளைக்கு மேலுக்கு முடியலையாம்மா?" அம்மா, "சும்மா காய்ச்சல் சாமி" என்றாள். கதவுக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.

உங்கள் கடிதத்தின் வரிகளை எண்ணினேன். வேறு வேலை இல்லை. மரத்துக்கு முப்பத்தொன்று. எனக்கு மூன்று, மாத்திரையையும் சேர்த்து.

பிரின்ஸ் நேற்று நம் தெரு வழியாக வந்தானாம். "அக்கா, உங்க வீட்ல பெரிய ஸ்டாரு! பச்சை செவப்புன்னு மாறி மாறி எரியுது. அத்தான் மரம் வேற வாங்கிருக்காவ" என்றான். தம்பி சந்தோஷமாகத்தான் சொன்னான்.

எதிர்வீட்டில் எரிகிறதா என்று கேட்டேன். இல்லையாம். எனக்குத் தெரியும். ஆகஸ்டில் செல்லையா தாத்தா இறந்தார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை, மரம் வைப்பதில்லை. நம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொண்ணூற்றொரு வயது, தூக்கத்திலேயே போனார். அவருக்காக ஒரு வீடு டிசம்பர் முழுக்க இருட்டாக இருக்கிறது.

நம் வீட்டில் பச்சை, சிவப்பு.

ஏழு மாதம் சுமந்தேன். ஒரு கிலோ நூறு கிராம் என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. அழுகை விழவில்லை. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். இத்தனை நாள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவளை எங்கே வைத்தீர்கள்?

உங்கள்
ஷெர்லின்

———

தென்காசி
11 டிசம்பர் 2024

அன்பு ஷெர்லின்,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. திருத்த வேண்டிய விடைத்தாள் ஒரு கட்டு இருக்கிறது. கட்டுக்கு மேலே உன் கடிதம்.

ஸ்டார் கட்டியது அம்மா. நான் ஏணி பிடித்தேன்.

நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். "ஏலே, அழுதிருந்தால்லா பிள்ளை? பேரு வைக்கல, ஞானஸ்நானம் குடுக்கல. இதுக்குப் போய் வீட்ட இருட்டடிச்சுப் போட்டா அடுத்தது எப்படிலே தங்கும்?" என்கிறாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஷெர்லின். வெளிச்சம் இருந்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிறாள். நான் என்ன சொல்ல?

மரம் ஒரு வாரமாகச் சரியில்லை. அடிக்கிளைகள் மஞ்சளாகின்றன. போனில் படம் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

"தெனமும் எத்தன நேரம் தண்ணி ஊத்துதீங்க?"

"மூணு நேரம்."

"மூணு நேரமா! இது என்ன சார், கைப்பிள்ளையா? வேர் அழுகுது பாருங்க. பயத்துல ஊத்தப்பிடாது. மண்ணுல வெரல விட்டுப் பாருங்க. ரெண்டு கணுவுக்குக் காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. சும்மா விடவும் தெரியணும் சார்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தொட்டியின் அடி ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டேன். அரை வாளித் தண்ணீர் வடிந்தது. கறுப்பாக. நாற்றத்தோடு.

நீ கேட்டதற்கு நேரில் சொல்கிறேன். எழுதுகிற விஷயம் இல்லை அது. 21ஆம் தேதி சனிக்கிழமை சபையிலிருந்து கேரல் வருகிறார்கள். அதற்குள் வந்துவிடு. நீ இல்லையென்றால் எல்லோரும் கேட்பார்கள்.

அன்புடன்
பென்னி

———

குற்றாலம்
16 டிசம்பர் 2024

பென்னி,

மழையில் தபால் நின்று, இன்றுதான் வந்தது. அருவிக்கு யாரையும் விடவில்லை. சாமிமார்கள் எங்கள் வீட்டுக் குழாயில் வரிசையாகக் குளிக்கிறார்கள்.

எழுதுகிற விஷயம் இல்லை என்கிறீர்கள். பேசுகிற விஷயமாகவும் அது இருந்ததில்லை. பிறகு எது?

அத்தை சொன்னதை எழுதினீர்கள். நர்சரிக்காரி சொன்னதை எழுதினீர்கள். நீங்கள் ஏணி பிடித்ததையும் சிரித்ததையும் எழுதினீர்கள்.

மற்றவர்கள் கேட்பார்கள் என்பதற்காக நான் வர மாட்டேன்.

ஒன்று மட்டும். இந்த வருடம் நம் வீட்டில் ஒரு சாவு நடந்ததா, இல்லையா? நடக்கவில்லை என்றால் மரத்தை அழகாக ஜோடியுங்கள். பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிடும், எங்கே இருக்க வேண்டும் என்பதும்.

ஷெர்லின்

———

தென்காசி
22 டிசம்பர் 2024

ஷெர்லின்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மரத்தை ஆட்டோவில் ஏற்றும்போது செண்பகவல்லி அக்கா கேட்டார்: "வீட்ல பிள்ளைங்க எத்தன சார்?" நான் "இல்லை" என்றேன். நாக்கு தடுக்கவே இல்லை. ஆட்டோ குத்துக்கல்வலசை தாண்டுவதற்குள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பேண்டில் செம்மண் ஆனது அப்படித்தான். அதன்பிறகு மூன்று நேரமும் தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை ஏணியை எடுத்தேன். அம்மா வாசலில் நின்றாள். "இப்பம் எதுக்குலே ஏணி?" என்றாள். "கழட்டப் போறேன்" என்றேன். "என் வீட்ல என்னைக் கேக்காமலா?" என்றாள். "இது அவ வீடும்தாம்மா." அவள் ஏணியைப் பிடிக்கவில்லை. ஆடிக்கொண்டே ஏறி ஸ்டாரைக் கழற்றினேன். மரத்தைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் தொங்கவிட்டிருக்கவில்லை, அதனால் கழற்ற எதுவும் இல்லை.

ஏழு மணிக்குக் கேரல் வந்தது. எதிர்வீட்டில் பாட்டு இல்லை. ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு நம் வாசலில் வந்து டிரம்மைத் தட்டத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு சுற்று ஆடியும் விட்டார். அப்புறம்தான் கேரலை நடத்திவந்த காமராஜ் அண்ணாச்சி மேலே பார்த்தார்.

"ஏலே பென்னி, என்னலே பியூசு போயிட்டா? வாத்தியார் வீட்லயே கரண்டு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல அண்ணாச்சி. இந்த வருசம் ஸ்டார் போடல."

"ஏன், யாருக்கு என்ன?"

"எங்க மக. செப்டம்பர் பத்தொம்பது."

டிரம் நின்றது. பின்னால் யாரோ தாழ்ந்த குரலில், "அது ஆஸ்பத்திரிலயேல்லா..." என்று ஆரம்பிக்க, அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். தாத்தா வேஷம் போட்டிருந்தவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றார்.

"பேரு என்னலே? ஜெபத்துல சொல்லணும்லா."

"அவ அம்மா வச்சிருப்பா. நான் கேட்டதில்ல அண்ணாச்சி."

பெயர் இல்லாமல்தான் ஜெபித்தார். மூன்று நிமிடம் இருக்கும். துக்க வீட்டில் பலகாரம் கொடுப்பதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் அம்மா தட்டு நிறைய அச்சுமுறுக்கோடு வந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் தின்னவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் கல்லறைக்கும் மேற்கு மதிலுக்கும் நடுவில். நானும் சித்தப்பாவும். போதகரைக் கூப்பிட வேண்டாம் என்று அம்மா சொன்னாள். நான் சரி என்றேன். சித்தப்பா 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' சொன்னார். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். நான்கு செங்கல் வைத்திருக்கிறேன்.

மூடும் முன் துணியை விலக்கிப் பார்த்தேன். முடி இருந்தது, நிறைய. நெற்றி உன்னுடையது. இதை உன்னிடம் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன். பொய். சொன்னால் நான் தாங்கமாட்டேன்.

நடந்தது, ஷெர்லின். நம் வீட்டில் ஒரு சாவு நடந்தது.

அவள் பெயர் என்ன?

பென்னி

———

குற்றாலம்
28 டிசம்பர் 2024

பென்னி,

கிறிஸ்துமஸ் அன்று நான் கோவில் ஆராதனைக்குப் போகவில்லை. நேற்று பிரின்ஸோடு வண்டியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவனை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன்.

நான்கு செங்கலில் ஒன்று மழையில் புதைந்து போயிருந்தது. கையால் தோண்டி எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அழ வேண்டும் என்று போனேன். வரவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் வந்து, "யாரும்மா?" என்றார். "என் மக" என்றேன். அவர் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவா, கை கழுவவா என்று சொல்லவில்லை. இரண்டும் செய்தேன்.

முடி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம், மலைக்குப் போய்த் திரும்பியிருந்த சாமிமார்கள் ஊருக்குக் கிளம்பும்போது குருசாமியிடம், "எம் பேத்தி தவறிட்டா சாமி, அதான் மக இப்படிக் கெடக்கா" என்று சொல்வது கேட்டது.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் அவள் முகத்தை நீங்கள் மட்டும் வைத்திருந்தீர்கள். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மரம் பாவம். 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று எழுதி அடித்துவிட்டேன். இங்கே தெரிகிறதே, அதுதான்.

அவள் பெயர் ஜெமிமா. ஐந்தாம் மாதத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டேன், நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு.

வீட்டு வேதாகமத்தின் முதல் பக்கத்தில் நம் கல்யாணத் தேதி இருக்கிறது. அதற்குக் கீழே அவள் பெயரை எழுதுங்கள். பிறந்தது, இறந்தது, இரண்டுக்கும் ஒரே தேதி. அத்தை பக்கத்தில் இருக்கும்போது எழுதுங்கள். எழுதிய பிறகு எனக்குச் சொல்லுங்கள். நான் வருவதா இல்லையா என்பதை அதற்கப்புறம்தான் யோசிக்க முடியும்.

பென்சிலில் எழுத வேண்டாம்.

ஷெர்லின்