மழைக்குச் சொந்தக்காரர்

ஏப்ரல் 1998, செவ்வாய் இரவு

மூன்று மாத வெயிலுக்குப் பிறகு இன்று மாலை காற்றும் இடியுமாக மழை கொட்டியது. உடம்பு குளிர்ந்த சுகம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மகளின் பள்ளிப் புத்தகங்களும் அரிசி மூட்டையும் நாசம்.

பக்கத்து மேட்டு வீட்டில் இருக்கும் கோயில் தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"பார்த்தியாம்மா, போன வாரம் நான் வச்ச பூசை! மழை வந்திருச்சு லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கார் நிறுத்தறதுக்கு லோங்காங் சாக்கடையை சிமெண்டு போட்டு மூடிட்டீங்களே அண்ணே, தண்ணி எங்க போவும்?"

"அதெல்லாம் ஆத்தா செயல்மா."

மழை வந்தால் அவர் பூசை, வெள்ளம் வந்தால் ஆத்தா செயலாம்!

விடியட்டும். கடப்பாரையால் அந்தச் சிமெண்டை உடைக்கப் போகிறேன். கேட்டால், ஆத்தா செயல் என்பேன்.