புளிக்காத ஏழு நாட்கள்

மார்ச் 12, ஞாயிறு

காலையில் ஹைஃபா முழுவதும் பனிமூட்டம். துறைமுகத்துக் கப்பல்கள் வானத்தில் நிற்பதுபோல் இருந்தன. தெருப் படிக்கட்டில் ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு ஏறி வந்தது. நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், காது பரிசோதிக்கும் அந்தச் சத்தமில்லாத அறையில் பாதித் தூக்கத்தில் இருந்தபோது அண்ணன் அம்னோன் போன் செய்தான். யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்துக்கு அம்மா என்னைக் கூப்பிடுகிறாளாம்.

நான் யூத மதத்தை விட்டுக் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் வாங்கியதும், மகள் செத்துவிட்டாள் என்று ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காத்தவள் அம்மா. இப்போது செத்தவளுக்கு விருந்து. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

மார்ச் 14

அம்மாவே பேசினாள். ஆறு வருஷம் கழித்து அந்தக் குரல். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“தீர்ட்சா, வர்றதுன்னா ஒழுங்கா வா. பாஸ்கா ஏழு நாளும் புளிச்சது வாயில படக்கூடாது. உங்க சாமியார் நாக்குல வைக்கிறதும் சேர்த்துதான்.”

பூசையில் தரும் நற்கருணை புளிப்பில்லாத அப்பம்தான், வெறும் மாவும் தண்ணீரும் என்றேன்.

“மாவுல தண்ணி பட்டு எவ்வளவு நேரம் கிடந்துச்சுன்னு யாரு பார்த்தா? நீ பார்த்தியா?”

பார்க்கவில்லை. உடனே சுடாத மாவு, பொங்காவிட்டாலும் புளித்ததுதான். யூதச் சட்டம் அப்படி.

மார்ச் 15

ஒரு கனவு. அம்மாவின் சமையலறையில், பாலும் கறியும் கலக்கக்கூடாது என்று, பால் பாத்திரத்துக்கு ஒரு தொட்டி, கறிப் பாத்திரத்துக்கு ஒரு தொட்டி, நடுவில் எங்கள் கோவில் பீடம். எந்தத் தொட்டியில் கை கழுவுவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 19

அப்பம் சுடும் மடத்துக்கே போன் செய்தேன். கன்னியர் பாவம், குழம்பிப்போனார். மாவை எப்போது கரைப்பீர்கள் என்று கேட்டேன். “ராத்திரியே கரைச்சு வச்சிடுவேன்மா, காலையில நல்லா வரும்” என்றார் பெருமையாக.

கேட்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 25

பூசை முடிந்ததும் கவ்ரியேலிடம் சொன்னேன். அவரும் என்னைப்போல யூதராகப் பிறந்து திருச்சபைக்கு வந்தவர்தான். யூதர்களுக்கு விலக்கான நண்டைத் தின்பதை ஒரு வேண்டுதல்போலச் செய்கிறவர். “ஏம்மா, கரையேறினப்புறமும் துடுப்பைத் தோள்ல சுமக்குற?” என்று கிண்டல் செய்தார். நமக்குச் சட்டம் முடிந்துபோயிற்றாம்.

முடிந்துபோயிற்றா? வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் விளக்குக்காக என் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது. சட்டம் என்னை மீட்கும் என்று நம்பியா விளக்கேற்றுகிறேன்? இல்லை. இயேசுவை ஏற்றுக்கொண்டேன், அவரும் அந்த விளக்கொளியில் வளர்ந்த பிள்ளைதானே. இதை யாரிடம் சொன்னாலும் ஏதாவது ஒரு பக்கத்துக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 29

எங்கள் கோவில் குரு ஃபாதர் நாத்தானைப் பார்த்தேன். அவருடைய அப்பா யூத ஜெபக்கூடத்தில் பாடகராக இருந்தவர். நான் சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டார். நற்கருணையை அந்த வாரமே வாங்க வேண்டும் என்று திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை, பாஸ்கா முடிந்தபின் வாங்கலாம், பாவமில்லை என்றார்.

பாவமில்லை, சரி. ஆனால் அந்த வாரத்திலேயே வரும் உயிர்ப்பு ஞாயிறன்று எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போக நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா? அதுக்காகவா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்? போனா அம்மா இல்ல. போகலன்னா—

ஏன் எப்பவும் என்னையே ரெண்டா பிய்க்கிறாங்க?

ஏப்ரல் 4

பாஸ்காவுக்கு முன் புளித்ததை வெளியேற்றும் வழக்கப்படி, இருட்டியதும் மெழுகுவர்த்தியும் இறகுமாக வீட்டில் ரொட்டித் துணுக்கு தேடினேன். அலமாரி, சோபா இடுக்கு, சிலுவைக்குக் கீழே இருக்கும் மேசை. சுடர் போகிற இடமெல்லாம் வீடு வேறு யாருடையதோபோல் அழகாக இருந்தது. முடிவெடுத்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

நேற்று விருந்து. பண்டிகை இரவில் வண்டி ஏறக்கூடாது, நடந்தே போனேன். அம்மா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, “இளைச்சுட்ட” என்றாள். அவ்வளவுதான். எங்கள் முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதையை அம்னோன் வாசித்தான். அந்த அடிமைத்தனத்தின் நினைவாகத் தின்னும் கசப்புக் கீரையை அம்மா எனக்குத்தான் அதிகமாக வைத்தாள். முட்டை, மீன், சூப் என்று தட்டு காலியாகவே விடவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. ஒயினா, பாட்டா, தெரியவில்லை, சுவர்கள் மெல்ல அசைவதுபோல் இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறன்று நற்கருணை வாங்கப்போவதில்லை என்று வாசலில் சொன்னேன். அம்மா உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வட்டமான மட்சா, கையால் தட்டி அங்கங்கே கருகச் சுட்ட புளிப்பில்லா ரொட்டி.

“வெறும் கோதுமையும் தண்ணியும்தான். அறுப்புலேருந்து அடுப்பு வரைக்கும் ஆள் நின்னு பார்த்தது. உங்க சாமியார்கிட்ட குடு. தின்னுதான் ஆகணும்னா இதைத் தின்னு.”

நான் வாயைத் திறந்தேன்.

“பூசையில அவர் அதுமேல என்ன சொல்வார்னு எங்கிட்ட சொல்லாத” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 7

ஃபாதர் நாத்தான் மட்சாவைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். வேறு எதுவும் கலக்கவில்லையே என்று மட்டும் கேட்டார். பூசைக்கு இது செல்லும் என்றார். பிறகு அதே துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

ஃபாதர் மட்சாவைப் பிட்டபோது சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. எல்லோரும் எழுந்து போனார்கள். நானும் போனேன். லேசான கருகல் வாசனை, சின்ன வயதின் வாசனை. கவ்ரியேல் வெகுநேரம் மென்றார். வெளியே வந்து, “பல்லுல ஒட்டுது” என்றார். கண் சிவந்திருந்தது. நான் கிண்டல் செய்யவில்லை.

துணியைத் திருப்பிக் கொடுக்க மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். துணியை வாங்கி உதறினாள். மீதித் துணுக்கு ஒன்றும் விழவில்லை.

“எல்லாருக்கும் போதுமா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

இருந்தது என்றேன். இன்னொரு கத்தியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.