காலிப் படகும் கையில் சுற்றிய கயிறும்

தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்து தண்ணீரோடு மல்லுக்கட்டப் போன என் வீட்டுக்காரருக்கு,

எப்படி இருக்கீங்க என்று உங்களைக் கேட்பது அசட்டுத்தனம்தான். ஆனால் நீங்கள் ராணுவத்தில் இருந்தவரை எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். இன்றைக்கு மட்டும் புதிதாக எதைக் கேட்பது? சாப்பிட்டீங்களா என்றா?

சேவூரில் நம் தெருவில் பாதி வீட்டுக்கு மோட்டார் தறி வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றும் காதில் விழுவதில்லை, எனக்கு அது பெரிய நஷ்டம். உங்கள் அப்பா, அதான் மாமா, கைத்தறியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்துத் தறியில் நான். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது தவழ்ந்துகொண்டிருந்த நம் பெண் இப்போது சைக்கிளில் ஆரணிக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். உயரம் உங்களுடையது, கோபம் என்னுடையது. அவளைக் கட்டப்போகிறவன் பாவம்.

உங்கள் முதல் லீவு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் ஆன புதிது. சினிமாவுக்குக் கூட்டிப்போவீர்கள் என்று நான் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றால், நீங்கள் கயிற்றுக் கட்டிலைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, இதுதான் படகு, ஏறு என்றீர்கள்.

"நடுவுல உக்காரு. பாரம் நடுவுல இருக்கணும். எது நடந்தாலும் எழுந்து நிக்கக் கூடாது. ஏறதுக்கு முந்தியே பூட்ஸ் கயித்த தளத்திக்கணும். ஹெல்மெட் வாரை அவுத்து வுட்டுடணும். மூட்டை ஒரு தோள்லதான் தொங்கணும்."

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

"படகு கவுந்துச்சின்னா எல்லாத்தையும் உதறிட்டு மேல வரணும் இல்ல? இழுத்துக் கட்டிகினு ஏறுனவன் அப்படியே உள்ள போயிடுவான்."

"துப்பாக்கி போச்சின்னா உங்க ஆபீசர் திட்ட மாட்டாரா?"

"அது படகோட கட்டியிருக்கும். ஆள் வந்தா போதும்."

ஆள் வந்தால் போதும். நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். சிரிப்பு முடிவதற்குள் நீங்கள் கொடிக் கயிறு ஒன்றை என் கையில் கொடுத்து மறுமுனையை இழுத்தீர்கள். வழுக்கியது என்று நான் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினேன். அப்படி ஒரு கோபம் உங்களுக்கு வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "கயித்த கையில சுத்தாத! ஆத்துல அது மட்டும் கூடவே கூடாது. புடிக்கணும். அது இழுத்தா வுட்டுடணும்" என்றீர்கள்.

உள்ளே இருந்து மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "நல்லா சொல்லிக்குடுத்தாங்கடா உனுக்கு" என்றார். ஏனென்றால் நம் வீட்டுச் சட்டமே வேறு. விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு இழைகளை விரித்துக் கட்டும்போது, முனைக் கயிற்றைப் பிடிக்கிறவர் அதைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். காற்று வரட்டும், தூறல் வரட்டும், மாடு குறுக்கே வரட்டும், கயிறு மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது. போனால் ஒரு சேலையின் இழை முழுக்கச் சிக்கிக்கொள்ளும், வீட்டில் அடுப்பு எரியாது. நீங்கள் கால்சட்டை போட்ட வயதிலிருந்து பிடித்த கயிறு அது.

பிறகு என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். அஸ்ஸாம் பக்கம் மழைக்காலம். அக்கரையில் இருந்த காவல் முகாமுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் படகை ஓட்டினீர்கள். நடு ஆற்றில், தண்ணீருக்குள் மறைந்து வந்த மரத்தில் மோட்டார் மோதி நின்றது. வெள்ளத்துக்குக் குறுக்கே திரும்பிய படகு கவிழ்ந்தது. அத்தனை பேரும் கரை ஏறினார்கள், நீங்கள் மட்டும் ஏறவில்லை. அவர்களைக் காப்பாற்றக் கடைசிவரை கயிற்றை விடாமல் பிடித்திருந்த வீரர் என்று ஆரணி பஸ் நிலையத்தில் உங்கள் படம் போட்டுத் தட்டி வைத்தார்கள். பெட்டியில் உங்களைக் கொண்டுவந்தபோது வலது கையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஏன் என்று கேட்கிற தெம்பு எனக்கு அன்று இல்லை.

ஊர் மெச்சியது. நானும் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, இத்தனை வருஷமும் உங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். கையில் கயிறு இருந்தது, அக்கரை நினைப்பு இருந்தது, அவர்கள் நினைப்பு இருந்தது. என் நினைப்பு ஒரு நொடி வந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்களா? பால்குடி மறக்காத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்ததே? படத்துக்கு மாலை போடுகிற ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

போன வாரம் ஏழுமலை வந்தார். நம் சேத்துப்பட்டு ஏழுமலைதான், அன்றைக்கு உங்கள் படகில் இருந்தவர். அக்கா மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்கு வந்தவர், அப்படியே வீட்டுக்கும் வந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இப்போது இருக்கிறாராம். காபி ஆறிப்போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணி, உங்க கிட்ட ஒரு உத்தரவு வாங்கிகினு போலாம்னு வந்தேன்" என்றார்.

"இன்னா உத்தரவு?"

"பசங்க கயித்த கையில சுத்துறானுங்க அண்ணி. எவ்ளோ திட்னாலும் வழுக்குது சார்ன்றானுங்க. அண்ணன் எப்படிப் போனார்னு உள்ளபடி சொன்னாத்தான் அவனுங்களுக்குப் புத்தியில ஏறும். உங்களைக் கேக்காம சொல்ல எனுக்கு வாய் வரல."

உள்ளபடி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் தறிக்குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படகு கவுந்து கரையோரமா ஒரு மணல் திட்டுல ஒதுங்குச்சி. அண்ணனுக்குக் கால் மணல்ல நின்னுடுச்சி. படகோட கயித்த கையில ரெண்டு சுத்து சுத்தி சாஞ்சிகினு நின்னார். நாங்க ஒவ்வொருத்தரா படகைப் புடிச்சிகினே வந்து கரையேறிட்டோம். அப்போ படகு காலி அண்ணி. அதுல ஒருத்தரும் இல்ல. பின்னாடியே இன்னொரு மரம் வந்து இடிச்சிது. படகு போவுது, போனா போவட்டும், வுடுண்ணா வுடுண்ணான்னு கத்துறோம். சுத்துன கயிறு இறுக்கிடுச்சி."

மாமா தறியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ஊரே என் புள்ளைய வீரன்னு சொல்லிகினு இருக்குது. காலிப் படகுக்குச் செத்தான், தப்பு பண்ணிச் செத்தான்னு ஊர் ஊரா சொல்லப் போறியா நீ?" என்று கத்தினார். ஏழுமலைக்கும் கண் கலங்கியிருந்தது.

எனக்கு மாமா சத்தம் காதில் விழவில்லை. நான் ஒன்றைத்தான் கேட்டேன். "வுடணும்னு பாத்தாரா?"

"பாக்காம? இடது கையால பிரிச்சிப் பிரிச்சிப் பாத்தார் அண்ணி. பல்லால கடிச்சிகூட இழுத்தார். எங்க பக்கமே பாத்துகினு இருந்தார். வரத்தான் பாத்தார். நாங்க கிட்டப் போறதுக்குள்ள இழுத்துகினு போயிடுச்சி."

நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அழுததைக் கேட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் துக்கத்தில் மட்டும் அழவில்லை. வரப் பார்த்தீங்களாமே! பல்லால் கடித்தீங்களாமே! வீரர், தியாகி என்று ஊர் கொடுத்த எதுவும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான்தான் தப்புக் கணக்குப் போட்டு உங்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். உங்கள் மனசு விட்டுவிட்டது, கைதான் சேவூர்த் தெருவில் பாவு பிடித்துக்கொண்டு நின்றது. ஊருக்கெல்லாம் கூடாது கூடாது என்று சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு அந்த ஒரு நேரத்தில் பழைய பழக்கம் முந்திக்கொண்டதே, இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வேன்?

ஏழுமலையிடம், மாமா சம்மதித்தால் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் மாமா என்னோடும் பேசவில்லை, சோற்றோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை தெருவில் பாவு விரித்தோம். வழக்கம்போல முனைக் கயிறு அவர் கையில். நாலு பேர் நடுவில் நின்று இழையைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போது, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

"சொல்லச் சொல்லுமா."

"மாமா?"

"பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லிச் சொல்லட்டும். அந்தக் கைய பழக்குனவன் அப்பன்தான்னும் சேத்துச் சொல்லட்டும். எந்த வூட்டுப் புள்ளையோ, வூடு போய்ச் சேரட்டும்."

அன்று மத்தியானமே ஏழுமலைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "சரிங்க அண்ணி" என்றார். அவ்வளவுதான்.

உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கோபம் இருந்தவரை அது ஒரு துணையாக இருந்தது. அது போனபிறகு வெறும் ஏக்கம்தான் மிச்சம், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லீவு முடிந்து பஸ் ஏறும்போது ஜன்னல் வழியே என்னைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வையோடுதான் கரையைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரியா?

நம் பெண்ணுக்கு இன்னும் தட்டியில் எழுதிய கதைதான் தெரியும். போன வருஷம் ஒரு நாள், "அப்பாவுக்கு நம்மளவிட படகுல இருந்தவுங்கதான் முக்கியமாம்மா?" என்று கேட்டாள். அன்று பேச்சை மாற்றிவிட்டேன். இன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. "உங்கப்பா தப்பு பண்ணாருடி. ஆனா நம்ம கிட்ட வரத்தான் பாத்தாரு."

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அம்மா,
உங்களோடு சண்டையை முடித்துக்கொண்ட உங்கள் வீட்டுக்காரி,
பங்கஜம்