பந்தியில் உட்கார வைத்த தப்பு

கருமத்தம்பட்டி
வியாழக்கிழமை

அன்புள்ள நந்திதா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவிநாசியப்பர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் சுகமில்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்கு வரவில்லை. போன வாரம் நீ போனில் அழுததிலிருந்து கையில் ஒரு வேலையும் ஓடவில்லை. திரும்பக் கூப்பிட்டால் நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், பக்கத்தில் உங்கப்பா டிவியை நிறுத்திவிட்டு என்னவாம் என்னவாம் என்று பிடுங்குகிறார், கடைசியில் சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துத் தறிக்குடோன் ரவிக்குமார் துணி சாம்பிள் எடுத்துக்கொண்டு இன்று மும்பைக்கு ரயிலேறுகிறான். நீ திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கச்சாயமும் முறுக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு.

நீ அழுதுகொண்டே சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். அந்த ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிப்பில் பாதி வருசம் வகுப்பு, மீதி வருசம் ஒரு கம்பெனியில் வேலை பழக வேண்டும். அந்தக் கம்பெனி நடத்திய டாக்டர்கள் மாநாட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு உன்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். விருந்தாளிகள் இன்னும் மேடைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க, பின்வாசலில் லைட் கட்டினவர்களும் பூ அலங்காரம் செய்தவர்களும் டிரைவர்களும் காலையிலிருந்து டீயோடு கிடப்பதைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்று எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாய். அங்கே இத்தனை தட்டு என்று எண்ணித்தான் சமைப்பார்களாம். கடைசியாகச் சாப்பிட வந்த பெரிய டாக்டரும் அவர் வீட்டம்மாவும் காலித் தட்டோடு நின்றிருக்கிறார்கள். உங்கள் மேடம் எல்லோர் முன்னாலும் இந்த வேலை உனக்கு வராது, ஒரு வாரம் யோசித்துவிட்டு வருகிற திங்கட்கிழமை வந்து முடிவைச் சொல் என்றாள். நீ, ஊருக்கே வந்துவிடுகிறேன் அம்மா என்றாய்.

இதை உங்கப்பாவிடம் சொன்னபோது, சோறு போட்டதுக்கா திட்டுனாங்க, சோறு போட்டதுக்கா, என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. நூல் இறக்க வரும் லாரிக்காரரானாலும் மீட்டர் பார்க்க வருகிறவரானாலும், முதலில் ஒரு வாய் சாப்பிடுங்க என்றுதானே இந்த வீட்டில் பேச்சே ஆரம்பிக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்யும். எனக்கும் உன் மேடம் மேல் அத்தனை ஆத்திரம் வந்தது, நேற்று வரைக்கும்.

நேற்று வெள்ளகோவிலில் புவனா சித்தி மகனுக்குக் காதுகுத்து. உன் சித்தி ஆசைப்பட்டுக் கோயமுத்தூரிலிருந்து ஈவென்ட் ஆட்களைப் பிடித்திருந்தாள். வாசலில் பலூன் வளைவு, போட்டோ எடுக்க ஊஞ்சல், கறுப்பு டீசர்ட் போட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு வாக்கிடாக்கியோடு. கூப்பிட்டா கேக்கற தூரந்தானே, இதுக்கெதுக்கு வாக்கிடாக்கி என்று உங்கப்பா ஒரே நக்கல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் நவ்யா என்று ஒரு பிள்ளை, உன் வயசு, உன் ஒடிசல். விடிந்ததிலிருந்து உட்காராமல் நிற்கிறாள். நான் விசேசத்தைப் பார்க்காமல் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தி நடக்கும்போது கிட்டப் போய், சாப்பிட்டியா அம்மணி என்று கேட்டேன். இல்லீங்கம்மா, சீரு வந்து உள்ள போன பொறகு சாப்பிட்டுக்கறேனுங்க என்றாள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் இலையில் உட்கார வைத்தேன். வேண்டாமுங்கம்மா வேண்டாமுங்கம்மா என்று கெஞ்சினாள். ரெண்டு வாய் தின்னுபோட்டுப் போ கண்ணு, வேலை எங்க ஓடிப்போகுது என்று சொல்லி, கையிலிருந்த வாக்கிடாக்கியையும் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அது கரகரவென்று கத்தியது, நான் முந்தானையைப் போட்டு மூடினேன்.

அது என்னத்துக்குக் கத்தியது என்பது பிறகுதான் தெரிந்தது. சரவணன் மாமா சீர்த்தட்டுகளோடு வாசலுக்கு வந்துவிட்டான். பையனுக்குத் தாய்மாமன், தங்கக் கடுக்கனும் துணிமணியும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சீர் வந்ததும் மேளத்தை வாசலுக்கு அனுப்பி, சித்தியை ஆரத்தியோடு கூட்டிப்போய் நிறுத்த வேண்டிய வேலை நவ்யாவுடையது. அவளோ என் பக்கத்தில் கறிச்சோறு பிசைந்துகொண்டிருக்கிறாள். மேளக்காரர்கள் சொன்னால் போகலாம் என்று உள்ளே காத்திருக்கிறார்கள், சித்தி மாடியில் சேலை மாற்றிக்கொண்டிருக்கிறாள். சீரோடு வந்த தாய்மாமன் வெயிலில் வாசலில் நிற்பது நம் பக்கத்தில் சின்ன விசயமா. வாங்கன்னு சொல்ல ஆளில்லாத எடத்துக்கு எதுக்குங்க வாரது என்று அவன் பொண்டாட்டி, உன் அத்தை, ஒரு வார்த்தை சொல்ல, சரவணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். காளிச்சாமி பெரியப்பா போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினான். அதற்குள் நவ்யாவின் மேனேஜர் பந்திக்கே வந்துவிட்டார். சோற்றுக் கையோடு எழுந்து நின்ற பிள்ளையை அத்தனை பேர் முன்னாலும் திட்டினார். அவள் தலையைக் குனிந்து நின்றபோது எனக்கு நீதான் தெரிந்தாய் கண்ணு. நாந்தானுங்க உக்கார வெச்சேன், என்னையத் திட்டுங்க என்று குறுக்கே போனேன். அவர் மரியாதையாகத்தான், நீங்க பெரியவங்க, உங்களை என்னங்க சொல்றது, வேலைக்கு வந்தது இந்தப் பொண்ணுதானுங்களே என்றார். அப்புறம் சரவணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அக்கா, உன்ர கையில மாட்டுனா யாருதான் திங்காம தப்பிக்க முடியும் என்று சிரித்துவிட்டான். உன் அத்தை மூஞ்சி இன்னும் சரியாகவில்லை, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது நவ்யாவைத் தேடிப்போனேன். என்னால உனக்குத் திட்டு, மனசுல வெச்சுக்காத கண்ணு என்றேன். அட விடுங்கம்மா, நீங்க போட்ட சோறு நல்லாத்தானுங்க இருந்துச்சு என்றாள். இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு இந்த வேலையில் இருக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, நாளைக்கு மேட்டுப்பாளையத்துல ஒரு கிரகப்பிரவேசமுங்க, நா போகலைன்னா அதை யாருங்க பாக்கறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் உன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்க பொண்ணு சோறு போட்டது தப்பில்லீங்கம்மா, யாருகிட்டயும் சொல்லாம போட்டதுதானுங்க தப்பு. நாங்க சமையலுக்குச் சொல்றப்பவே வேலை செய்யறவங்களுக்கும் தனியாச் சேர்த்துச் சொல்லிப்போடுவோமுங்க. மாத்தி மாத்தித்தான் சாப்பிடுவோம், ஒருத்தர் எந்திரிச்சா இன்னொருத்தர் அந்த எடத்துல நிப்பாங்க. எனக்கும் ஒருக்கா நல்லாத் திட்டு வாங்குன பொறகுதானுங்க இது தெரிஞ்சுது. இவ்வளவுதான் சொன்னாள். நம் விசேசத்தில் ஆள் கூடினால் இன்னொரு உலை வைத்துவிடுவோம், அங்கே இன்னொரு உலைக்கு இடமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் மேடம் திட்டியதில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் திட்டியதில் நியாயமில்லை, அதை நான் மன்னிக்க மாட்டேன்.

இனி என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ மும்பை போன நாளிலிருந்து இந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட வேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டவள் நான். காளிச்சாமி பெரியப்பா காங்கேயத்து மாப்பிள்ளை ஜாதகம் ஒன்றை வைத்துக்கொண்டு பொண்ணு எப்ப வருது, எப்ப வருது என்று கேட்டபடி இருக்கிறார். நீ வருகிறேன் என்று அழுதாயே, அன்றைக்கு உன்னோடு அழுதேன், போனை வைத்துவிட்டு உன் அறையில் அடுக்கியிருந்த நூல் கோன் பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுக் கூட்டித் துடைத்தேன். உள்ளுக்குள் சந்தோசம் இருந்தது, அதை உன்னிடம் மறைக்க முடியாது. நீ வரணும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், இப்படி நொந்துபோய் வரணும் என்று வேண்டவில்லை. அந்த நவ்யா நாளைக்கு மேட்டுப்பாளையம் போகிறாள், என் பிள்ளை மட்டும் ஏன் பெட்டியைக் கட்ட வேண்டும் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். இன்று காலையில் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, புள்ளைக்கு அங்க வேலை இருக்குதுங்க, இப்ப வராதுங்க, ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துருங்க என்று சொல்லிவிட்டேன். இப்போது வராதே கண்ணு. இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் காலையிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அந்த மேடம் வாய் திறக்கும் முன்னால் நீ பேசு. சாப்பாடு பத்தாமல் போனது என்னால்தான், இனிமேல் வேலையாட்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே சொல்லி வைப்பேன் என்று சொல். பசித்தவர்களுக்குச் சோறு போட்டதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்காதே. அழுகை வந்தால் அங்கே அழாதே, வெளியே வந்து எனக்குப் போன் போட்டு அழு. தலைக்கு எண்ணெய் வை, பச்சைத் தண்ணியில் குளிக்காதே, டப்பாவை ரவிக்குமாரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பு, அது புவனா சித்தி வீட்டு டப்பா. மாரியாத்தா உனக்குத் துணை இருப்பாள், நீ தொட்டது நல்லபடியாக நடக்கும், அப்பாவும் நானும் மனசார ஆசீர்வாதம் செய்கிறோம். இத்தனை சொல்லியும் அவர்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால், தப்புச் செய்தவள் மாதிரி நீ தனியாக ரயிலேற வேண்டாம். போன் போட்டுவிட்டு அங்கேயே இரு. மும்பைக்கு எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும் என்று உங்கப்பா ரவிக்குமாரிடம் கேட்டு வைத்திருக்கிறார், நாங்கள் ரெண்டு பேரும் வந்து கூட்டிக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தாமணி