கண்டியில் பேசாதிருந்த மாதங்கள்

பிப்ரவரி 24, 1931. கண்டி

பிரசங்கத்தில் உவமை சொல்லும் முறை பற்றி இன்று பாடம் நடத்தினேன். மாணவர்கள் எல்லாரும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சபை பொறுக்கி அனுப்பியவர்கள். மே முடிய இங்கே தங்கி உபதேசியார் வேலைக்குப் பழகுகிறார்கள். அவர்களைப் பழக்கத்தான் பாளையங்கோட்டையிலிருந்து என்னைக் கப்பலேற்றினார்கள். என் மனைவி அன்னப்பழம் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவள்.

கடைசி மணியில் குரல் கம்மிவிட்டது. மலைப்பனி என்றாள் அவள். இருக்கலாம். ஆயிரம் பேர் கூடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் என்று ஊரில் பெயர். அதற்காகத்தான் என்னை அழைப்பார்கள். வேறு எதற்காக அழைப்பார்கள்?

பிப்ரவரி 27

இன்றும் கம்மல். மிளகுக் கஷாயம்.

மார்ச் 4

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை, எங்களைக் கவனித்துக்கொள்ளும் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார் தேவராசா தமிழில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"குரல்வளையில சின்னக் கட்டியாம், உபதேசியார். ரெண்டு மாசத்துக்குக் கதைக்கக் கூடாதாம். குசுகுசுக்கவும் கூடாது. மீறினால் குரல் திரும்பி வராமலே போகலாமாம்."

நான் வாயைத் திறந்தேன். அன்னப்பழம் கையை நீட்டித் தடுத்தாள். வரும் வழியில் ஒரு சிலேட்டு வாங்கினாள்.

மார்ச் 6

வகுப்பை என்ன செய்வது? நான் பாடத்தை எழுதித் தருவது, அன்னப்பழம் அதை வாசிப்பது என்று முடிவாயிற்று. தேவராசாவுக்குத் தயக்கம், தலைமைப் பாதிரியாரான பெரிய ஐயரை நினைத்து.

"ஆம்பிளையளுக்கு ஒரு பொம்பிளை பிரசங்கம் சொல்லிக் குடுக்கிறதோ? பெரிய ஐயர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"நான் எங்க சொல்லிக் குடுக்கேன்? அவுக எழுதினதை வாசிக்கேன். அவ்வளவுதான்" என்றாள் அன்னப்பழம்.

ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 11

வகுப்பின் பின்வரிசையில் எனக்கொரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவள் நிதானமாக, நிறுத்தி வாசிக்கிறாள். அது பாடப்புத்தகம் வாசிக்கிற குரல். பரவாயில்லை.

மார்ச் 18

மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்திருக்கும் ஏசுவடியான் நடுவில் எழுந்தான். தாளில் இல்லாத கேள்வி.

"நான் இங்க வர்றதுக்கு முந்தி எங்க லயத்துல ஒரு வீட்டுல பிள்ளை செத்துப் போச்சுங்க. நான் போயி நின்னேன். பேச்சே வரலை. அந்த மாதிரி எடத்துல என்னங்க பேசுறது?"

ஆறுதல் வசனங்கள் அடுத்த வாரப் பாடத்தில் வருகின்றன. அதைச் சொல்லும்படி கை காட்டினேன். அன்னப்பழம் என்னைப் பார்க்கவில்லை. தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணும் பேசாதீங்க. அந்தத் தாய்க்குக் குடிக்கத் தண்ணி கொடுத்தாங்களான்னு பாருங்க. மற்றப் பிள்ளைக சாப்பிட்டிச்சான்னு பாருங்க. அவ ஏதாவது கேட்டா அப்புறம் பேசலாம்."

மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். என் பாடங்களை அவர்கள் எழுதிக்கொண்டதாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதினேன்: அது என் பாடம் அல்ல.

"ஆமா" என்றாள்.

மார்ச் 22. ஞாயிறு

மாணவர்களோடு ஹந்தானைத் தோட்டத்துக்குப் போனேன். அவர்கள் கூலிக்காரர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் பிரிந்து போனார்கள். நான் ஒரு வாசலில் உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் அங்கம்மா என்பவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினேன்.

"ஐயாவுக்குப் பேச்சு வராதுங்களா" என்றாள். பிறவி ஊமை என்று நினைத்திருப்பாள் போல.

எதிரிலேயே குந்திக்கொண்டு பேசத் தொடங்கினாள். வேலை குறைந்ததால் புருஷனுக்கு வேலையிலிருந்து விலக்கும் பத்துச்சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெல்தெனிய பக்கம் வேலை தேடிப் போனவன் தீபாவளிக்கும் வரவில்லை. அவன் வரவேண்டும் என்றும் இருக்கிறது, வராமலே இருந்தால் நல்லது என்றும் இருக்கிறது. அடிப்பானாம். "இதை யாருக்கிட்டயும் சொன்னதில்லைங்க" என்றாள்.

எனக்கு நாலைந்து வசனங்கள் நினைவுக்கு வந்தன. சொல்ல வழியில்லை. அவள் எதையும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. எழுந்து போகும்போது முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

இத்தனை வருஷ ஊழியத்தில் இப்படி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. நான் இடம் கொடுத்தேனா?

ஏப்ரல் 14

ஒரு வாரமாக நான் பாடம் எழுதித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. வகுப்பு நடக்கிறது. இன்று சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது.

ஏப்ரல் 15

சிலேட்டில் எழுதினேன்: உனக்கு இது பிடித்திருக்கிறது.

அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். "பிடிச்சிருக்கு. என்ன செய்யச் சொல்லுதிய?"

சிலேட்டைத் துடைத்தேன். பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

மே 6

கட்டி கரைந்துவிட்டதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார் டாக்டர். "அன்னப்பழம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

மே 24. ஞாயிறு

வகுப்பு நிறைவு ஆராதனை. பிரசங்கத்துக்குத் தேவராசா என்னைத்தான் கேட்டார். ஒப்புக்கொண்டேன். ஆசைதான்.

குரல் தாக்குப்பிடித்தது. பழைய குரலில் முக்கால் பங்கு இருக்கும். ஏசுவடியான் கண் கலங்கினான். கடைசி வரிசையில் அங்கம்மா இருந்தாள், சும்மா பார்க்க வந்தாளாம். முடிந்ததும் அவளிடம் போய், "வீட்டுக்காரர் வந்தாரா?" என்று கேட்டேன்.

தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவாருங்க, ஐயா" என்றாள்.

பிரசங்கியாருக்குச் சொல்கிற பதில். மறுபடி கேட்டேன். அதையே சொன்னாள்.

பிரசங்கம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். இரவு சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 2

பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். தேவராசா வந்தார்.

"மடுல்கெல்லயில ஒரு வகுப்புத் தொடங்கப் போகினம். அம்மா நிண்டு நடத்துவாவோ எண்டு பெரிய ஐயர் கேக்கச் சொன்னவர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் நிக்கலாம்தானே, உபதேசியார்."

"அவுக சொல்லட்டும்" என்றாள் அன்னப்பழம். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தீ நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

தங்குகிறோம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

பிப்ரவரி 9, 1932. மடுல்கெல்ல

அன்னப்பழம் காலையிலேயே வகுப்புக்குப் போய்விட்டாள். புதிதாக இரண்டு பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஏசுவடியான் அவளுக்கு உதவி.

குரல் முழுதாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறார்கள், மாதம் ஒரு பிரசங்கத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாட்களில் லயங்களுக்குப் போகிறேன்.

இன்று மேல்லயத்துக் கிழவர் ஒருவர், அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டு வந்த கதையைச் சொன்னார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் எழுந்தேன்.

"நாளைக்கு வருவீங்களா ஐயா? இன்னும் பாதி கெடக்கு" என்றார்.

வருகிறேன் என்றேன்.