முதுகைக் காட்டிப் பாடிய ஹெப்ரான்

பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

சனிக்கிழமை எங்கள் ராக் குழு முதல்முறையாக ஒரு கிளப்பில் வாசித்தது. கிளப் என்றதும் பதறாதீர்கள், நான் குடித்தது எலுமிச்சைச் சாறுதான். கூட்டத்துக்குப் பிடிக்காவிட்டால் இனி மேடை கிடையாது என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். நான் டிரம்ஸில் தாளத்தைத் தொடங்கிவிட்டேன். பாட வேண்டிய ஹெப்ரான், நம் பாளையங்கோட்டை சபையில் கணீரென்று பாடுவானே, அவன் வாயே திறக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்றான். யாரோ சிரித்தார்கள். நான் அடிப்பதை நிறுத்தாமல் கத்தினேன்:

"ஏலே, அங்கன பாக்காத. இங்கன திரும்பி என்னப் பாத்துப் பாடுலே!"

மைக்கோடு திரும்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே பாடினான். பேசிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். மூன்றாவது பாட்டில் அவனாகவே முன்னால் திரும்பியபோது எழுந்த கைதட்டலில் என் தாளம் எனக்கே கேட்கவில்லை. மாதந்தோறும் வாசிக்க வரச் சொல்லிவிட்டார்கள்.

முடிந்ததும் மற்றவர்களை அவரவர் வீட்டார் வந்து கட்டிக்கொண்டார்கள். நானும் ஹெப்ரானும் சாமான்களை எடுத்து வைத்தோம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இட்லிப்பொடி கொடுத்தனுப்புங்கள், எள் கொஞ்சம் கூடுதலாக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் போடுங்கள். பேச நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை. போனை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது அம்மா.

உங்கள் மகள்,
டார்லின்